பணி ஓய்வும் முதியோர் மனமும்

அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுபவருக்கு நம் நாட்டில் நடைபெறும் பிரிவுபசாரம் ஏறக்குறைய எங்கும் ஒரே விதமானது. மாலை, சால்வை, ஒரு கைக்கடிகாரம், சில சொற்பொழிவுகள், இறுதியில் ஒரு புகைப்படம். மறுநாட் காலையில் வழக்கமான வேளைக்கே அவர் விழித்துக்கொள்கிறார். குளித்து, உடுத்தி, சிற்றுண்டி அருந்தி முடிந்ததும் மணி ஒன்பதாகிறது. அதன் பின் செய்ய வேண்டியது யாது என்பதை மட்டும் அவருக்கு எவரும் சொல்லியிருப்பதில்லை.

இந்நிலைக்குத் தமிழில் 'ஓய்வு' என்று பெயர். சித்தூர், திருப்பதி வட்டாரத்தில், தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் கங்காதர நெல்லூர் போன்ற ஊர்களில், இதனையே 'பதவீ விரமண' என்று தெலுங்கில் சொல்லக் கேட்கலாம். மொழிபெயர்ப்போர் இவ்விரண்டையும் ஒரு பொருட் சொற்களாகவே கொள்வர். ஆயினும் தெலுங்குத் தொடர் பதவி நின்றுபோனதைக் கூறுகிறது. தமிழ்ச் சொல்லோ அதற்குப் பின் கிடைப்பதாக நாம் நம்பும் இளைப்பாறுதலைக் கூறுகிறது. உளநூலார் ஆராய்ந்து கண்ட உண்மை, தெலுங்குத் தொடருக்கே அண்மையில் நிற்கிறது.

பதவி நிற்பது ஒருவர் வாழ்வை எவ்வளவு அசைக்கக்கூடும் என்பதை ஆந்திரப் பிரதேசம் 1983-ஆம் ஆண்டில் ஒரே நாளில் கண்டது. அவ்வாண்டு பிப்ரவரியில் மாநில அரசாங்கம் ஓய்வு பெறும் வயதை 58-லிருந்து 55-ஆகக் குறைத்தது. அம்மாதம் 28-ஆம் தேதியன்று 18,000-க்கும் மேற்பட்ட அரசு ஊழியர்கள் வேலையிலிருந்து வெளியேற நேர்ந்தது. மூன்று வாரத்துக்கு முன்பு வரை, இன்னும் மூன்றாண்டு உத்தியோகம் உண்டு என்று எண்ணிப் பெண்ணின் திருமணத்தையும் வீட்டுக் கடனையும் திட்டமிட்டிருந்தவர்கள் அவர்களுள் பலர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வயதைக் குறைக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு என்று 1985-இல் தீர்ப்பாயிற்று. இதற்கிடையே 1984-இலேயே வயது மீண்டும் 58 ஆக்கப்பட்டுவிட்டது. பிற்காலத்தில் அது 2014-இல் 60-ஆகவும், 2022 ஜனவரியில் 62-ஆகவும் உயர்த்தப்பட்டது. நீதிமன்றத்தில் வாதிடப்பட்டவை சம்பளமும் சட்டமுமே. வீட்டுத் திண்ணையில் திடீரென்று அமர்த்தப்பட்ட மனிதரின் உள்ளத்தில் நிகழ்ந்தது எந்த மனுவிலும் எழுதக்கூடியதன்று.

அவ்வுள்ளத்தில் நிகழ்வதுதான் யாது? உத்தியோகம் மனிதனுக்குச் சம்பளம் மட்டும் தருவதில்லை. நாளைக் காலை, பகல், மாலை என்று பகுத்துத் தருகிறது. பிறர் தம்மை அழைப்பதற்கு ஒரு பெயரைத் தருகிறது. 'தாசில்தார்', 'ஹெட்மாஸ்டர்', 'போஸ்ட்மாஸ்டர்' என்ற பெயர்களால் முப்பது ஆண்டு அழைக்கப்பட்டவருக்கு, தம் இயற்பெயர் அயலார் பெயரைப் போல ஒலிப்பதுண்டு. மேலும், வீட்டிலிருந்து தினந்தோறும் எட்டு மணி நேரம் விலகியிருக்க ஒரு கௌரவமான காரணத்தையும் அது தருகிறது. இவை அனைத்தும் ஒரே நாளில் நீங்குகின்றன. பெரும்பாலோர் சில மாதங்களில் வேறு வழக்கங்களை அமைத்துக்கொண்டு நிமிர்ந்துவிடுகின்றனர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஓய்வு பெறுவதே ஒரு நோய் அன்று. ஆனால் ஒரு சாராருக்கு, முக்கியமாக உடல்நலக் குறைவு, மனைவி அல்லது கணவரின் மரணம், பணமுடை ஆகியவற்றுள் ஒன்று இதனோடு சேரும்போது, வருத்தம் நோயாக முற்றுகிறது.

2017-18-இல் நம் நாட்டில் 45 வயதுக்கு மேற்பட்ட 72,000-க்கும் அதிகமானோரிடம் நடத்தப்பெற்ற தேசிய முதுமை ஆய்வு, 60 வயது கடந்தோரில் ஏறக்குறைய பன்னிருவருள் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் இருக்கக்கூடும் என்று மதிப்பிட்டது. இவர்களுள் மிகப் பலர் 'எனக்கு மனம் சோர்ந்திருக்கிறது' என்று சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் வருவதில்லை. தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, சோறு இறங்கவில்லை, வயிறு எரிகிறது, கால் ஓய்ந்துபோகிறது என்றே வருகின்றனர். இக்குறைகள் முதுமையில் உண்மையான உடல் நோயாலும் வரக்கூடியவை. இக்காரணம் பற்றியே, 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க அறிஞர்கள் முதியோரின் மனச்சோர்வை அளக்க 30 வினாக்கள் கொண்ட ஓர் அளவுகோலை அமைத்தபோது, உடல் பற்றிய கேள்விகளை வேண்டுமென்றே நீக்கினர். வாழ்க்கை வெறுமையாகத் தோன்றுகிறதா, புதியவற்றைச் செய்வதைவிட வீட்டிலேயே இருந்துவிட விருப்பமா என்பன போன்ற, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் விடையளிக்கத்தக்க வினாக்கள் அதில் உள்ளன. அதன் சுருக்க வடிவம் பின்னர் நம் நாட்டு மொழிகளிலும் பெயர்க்கப்பெற்றுப் பயன்பட்டு வருகிறது.

நோய் உண்டு என்று தெரிந்த பின்னும், முதியவருக்கு மாத்திரை தரலாமே யன்றிப் பேச்சினால் பயன் விளையுமா என்ற ஐயம் நெடுங்காலம் நிலவிற்று. அந்த ஐயத்தைத் தோற்றுவித்தவர் சாதாரணமானவர் அல்லர். உளப்பகுப்பு முறையை நிறுவிய சிக்மண்ட் பிராய்ட், 1904-ஆம் ஆண்டின் இறுதியில் வியன்னாவில் மருத்துவர்களிடையே பேசுகையில், ஐம்பது வயதை நெருங்கியவர்களிடம் மனத்தின் நெகிழ்ச்சி குறைந்துவிடுவதால் இச்சிகிச்சை பலிப்பதரிது என்றார். அப்போது அவருக்கே வயது 48. அதற்குப் பின் அவர் முப்பத்தைந்து ஆண்டு வாழ்ந்து, தம் கொள்கைகள் பலவற்றைத் தாமே மாற்றி எழுதினார் என்பது நினைக்கத்தக்கது. அவருடைய மாணவர் கார்ல் ஆபிரகாம் 1919-இல் இதனை மறுத்தார். நோயாளியின் வயதைக் காட்டிலும் நோய் தொடங்கிய வயதே முக்கியமானது என்று தம் அனுபவத்தைக் கொண்டு அவர் காட்டினார்.

இன்னும் தெளிவாக இதனை மறுத்தவர் ஓர் ஓய்வு பெற்ற பெண்மணியே. லிலியன் மார்ட்டின் அமெரிக்காவிலுள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்து, 65 வயது நிரம்பியதும் 1916-இல் விதிப்படி வெளியேற்றப்பட்டவர். அவர் 1929-இல், தம் எழுபதுகளின் பிற்பகுதியில், சான்பிரான்சிஸ்கோ நகரில் முதியோர்க்கென்றே ஓர் ஆலோசனை நிலையம் திறந்தார். ஆறுதல் மொழி கூறி அனுப்புவது அவர் வழக்கமன்று. வந்தவரின் வரலாற்றைக் கேட்டறிந்து, அவர் அடைய விரும்பும் ஒரு குறிக்கோளை வகுத்து, அதற்கு நாள்தோறும் செய்ய வேண்டியவற்றை எழுதிக் கொடுப்பார். இன்றைய முறைகளின் வித்து இங்கேயே காணக்கிடக்கிறது.

பின்னர் 1950-இல் எரிக் எரிக்சன் மனித வாழ்வை எட்டுப் பருவங்களாகப் பகுத்தபோது, இறுதிப் பருவத்துக்கும் அதற்கே உரிய ஒரு மன வேலை உண்டு என்றார். வாழ்ந்த வாழ்வை நிறைவோடு ஏற்றுக்கொள்ளுதல் அல்லது கசப்பில் ஆழ்ந்துவிடுதல் என்ற இரண்டுக்கும் இடையிலான போராட்டம் அது. 1963-இல் ராபர்ட் பட்லர் என்ற மனநோய் மருத்துவர், கிழவர்கள் பழங்கதை பேசுவது மூளைத் தளர்ச்சியின் அடையாளமன்று, தம் வாழ்வைக் கணக்குப் பார்க்கும் இயற்கையான முயற்சியே என்று எழுதினார். நம் வீடுகளில் 'தாத்தா ஆரம்பித்துவிட்டார்' என்று எழுந்து போகும் பேரப்பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

நம் வட்டாரத்திலேயே இத்துறை வேரூன்றியிருப்பதைப் பலர் அறியார். 1954-இல் திருப்பதியில் நிறுவப்பெற்ற ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில், பேராசிரியர் பி. வி. ராமமூர்த்தி முதுமையின் உளவியலை ஆராய்வதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டு, முதுமை ஆராய்ச்சி மையம் ஒன்றையும் அமைத்தார். டி. ஜமுனா முதலானோர் அப்பணியில் உடனிருந்து தொடர்ந்தனர். முதுமையை நன்முறையில் ஏற்று வாழ்வோரிடம் காணப்படும் தன்மைகள் யாவை என்பது அவர்கள் ஆராய்ந்த வினாக்களுள் ஒன்று. உடலில் நேரும் மாறுதல்களை ஏற்றுக்கொள்ளுதல், தம் காரியத்தைத் தாமே செய்ய முடிகிறது என்ற உணர்வு, உதவிக்கு ஆள் உண்டு என்ற நம்பிக்கை, இளையோருடன் இணக்கம், வளைந்துகொடுக்கும் சுபாவம் ஆகியவற்றோடு, ஊழ்வினையிலும் மறுமையிலும் உள்ள நம்பிக்கையும் அத்தன்மைகளுள் ஒன்றாகக் கண்டனர். மேனாட்டு நூல்களை மட்டும் படித்த சிகிச்சையாளர் 'எல்லாம் தலையெழுத்து' என்று ஒரு முதியவர் சொல்வதைக் கேட்டவுடன் அதனை நம்பிக்கையிழந்த பேச்சென்று குறித்துக்கொள்ளக்கூடும். அது சில வேளை நம்பிக்கையிழப்பு. சில வேளை பெருஞ்சுமையை இறக்கி வைக்கும் மேடை. எது என்பதைக் கேட்டறிவதற்கு அவ்விடத்துப் பேச்சும் பழக்கமும் தெரிந்திருக்க வேண்டும்.

உளவழிச் சிகிச்சை என்று நாம் இங்கு குறிப்பிடுவது, பயிற்சி பெற்ற ஒருவர், குறித்த நாளில், குறித்த நேரத்துக்கு, நோயாளியுடன் ஒரு முறையைப் பின்பற்றி உரையாடுவதாகும். புத்திமதி கூறுவதினின்றும் அது வேறு. 'கோயிலுக்குப் போங்கள், நடை பழகுங்கள், கவலையை விடுங்கள்' என்ற புத்திமதியை முதியவர் முன்னமே நூறு பேரிடம் கேட்டிருப்பார். வேறுபாடு விளங்க ஓர் உதாரணத்தைக் கற்பனையாக அமைத்துக்கொள்வோம்.

வருவாய்த் துறையில் துணைத் தாசில்தாராக இருந்து 62 வயதில் ஓய்வு பெற்று, கங்காதர நெல்லூருக்கு அருகே தம் சொந்தக் கிராமத்துக்குத் திரும்பிய ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஏக்கர் மாந்தோப்பு உண்டு. ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறது. மூத்த மகன் பெங்களூரில் வேலை. இளையவன் ஊரிலேயே உரக்கடை வைத்திருக்கிறான். ஆறு மாதத்தில் பெரியவர் கடைக் கணக்கில் பிழை கண்டுபிடிக்கத் தொடங்கினார். பிறகு சமையலறைச் செலவில். மகன் ஒரு நாள், 'நைனா, இது உங்கள் ஆபீஸ் அல்ல' என்று சொல்லிவிட்டான். அன்று முதல் அவர் பேச்சைக் குறைத்தார். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, வயிற்றெரிச்சல். சித்தூரிலும் வேலூரிலும் எல்லாப் பரிசோதனையும் ஆயிற்று. 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்றார் மருத்துவர். 'அப்படியானால் நான் பொய் சொல்கிறேனா?' என்று கேட்டார் பெரியவர்.

சிகிச்சையாளரின் முதல் வேலை, அவர் பொய் சொல்லவில்லை என்று ஒப்புக்கொள்வது. தைராய்டு, வைட்டமின் குறைவு, வேறு நோய்க்கு உண்ணும் மருந்துகளின் விளைவு, ஞாபக சக்தி ஆகியவை சோதிக்கப்பட்டுள்ளனவா என்று பார்ப்பது அடுத்தது. காது கேட்கிறதா என்பதும் முக்கியம்; சிகிச்சை முழுவதும் பேச்சிலேயே நடைபெறுவதால், நன்றாகக் கேட்கும் காதின் பக்கம் அமர்ந்து, நிதானமாகப் பேசி, ஒவ்வோர் அமர்விலும் முடிவு செய்ததைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். சிகிச்சையாளர் முப்பது வயதுகூட நிரம்பாத பெண்ணாக இருத்தல் கூடும். பெரியவர் அவரை 'அம்மா' என்று அழைத்து, அவர் கோப்பு வைத்திருக்கும் முறை சரியில்லை என்று திருத்தவும் தொடங்கலாம். அனுபவமுள்ள சிகிச்சையாளர் இதற்கு முகம் சுளிப்பதில்லை. வீட்டில் மகனிடம் நிகழ்வது இங்கே தம் கண் முன்னர் நிகழ்கிறது என்று கண்டு, அதனைப் பிற்பாடு பேசுவதற்கு வைத்துக்கொள்கிறார்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு மணிக்கும் என்ன செய்தார், மனம் எவ்வாறிருந்தது என்று பத்துக்கு எத்தனை மதிப்பெண் என ஒரு வாரம் குறித்துவரச் சொல்வர். கணக்கு எழுதிப் பழகியவருக்கு இது எளிது. நம் பெரியவரின் நோட்டில் காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை இரண்டு, மூன்று என்றே இருக்கிறது. ஆனால் வியாழனன்று பத்து மணிக்கு மட்டும் ஏழு. அன்று பக்கத்துத் தெரு விதவை ஒருத்தி தன் பட்டாதார் பாஸ்புத்தகத்தையும் அடங்கலையும் கொண்டுவந்து, பெயர் மாற்றத்துக்கு வழி கேட்டிருக்கிறாள். 'அது ஒரு பெரிய காரியமா?' என்கிறார் அவர். சிகிச்சையாளர் அதனைப் பெரிய காரியமாகவே எடுத்துக்கொள்கிறார். வாரத்தில் இரண்டு நாள், காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, நில ஆவணங்களில் உதவி தேவைப்படுவோருக்குத் திண்ணையில் மனு எழுதித் தருவது என்று இருவரும் முடிவு செய்கின்றனர். மனம் உற்சாகமடைந்த பிறகு வேலை செய்யலாம் என்று காத்திராமல், வேலையைத் தொடங்கி அதன் வழியே உற்சாகம் வருகிறதா என்று பார்ப்பதே இம்முறையின் உட்பொருள்.

அடுத்து எண்ணங்களை ஆராய்கின்றனர். 'நான் எவருக்கும் பயனற்றவன்' என்ற எண்ணத்துக்குச் சான்று யாது, எதிர்ச்சான்று யாது என்று, நிலத் தகராற்றை விசாரிப்பது போலவே விசாரிக்கலாம். ஆரன் பெக் 1960-களில் வகுத்த முறை இது. மகனோடுள்ள பிணக்கு தனியே எடுத்துக்கொள்ளப்படுகிறது. வாழ்க்கையில் ஒரு பாத்திரம் முடிந்து மற்றொன்று தொடங்கும் இடைக்காலத்தை ஒரு தனிப் பிரச்சினையாகக் கொண்டு சிகிச்சை செய்யும் முறையொன்றை, கிளெர்மனும் வைஸ்மனும் 1970-களில் உருவாக்கினர். இழந்த பாத்திரத்துக்காக வருந்துவதற்கு அதில் இடமுண்டு. அதில் வெறுத்தவற்றையும் நினைவுகூரச் செய்வர். நம் பெரியவர், பேரணி நாட்களிலும் தேர்தல் நாட்களிலும் உறங்காமல் உழைத்து, இரு மகன்களின் பள்ளிப் பருவத்தையும் சரியாகப் பார்க்கவில்லை என்று நான்காம் அமர்வில் சொல்லக்கூடும். இளையவன் கணக்கில் குற்றம் காண்பது, அவனோடு பேச அவர் அறிந்த ஒரே மொழியாக இருக்கலாம் என்பது அப்போது இருவருக்கும் புலனாகிறது.

முன்னேற்றம் நேர்கோட்டில் செல்வதில்லை. பழைய சக ஊழியர் ஒருவரின் மரணச் செய்தி வந்த வாரத்தில் நோட்டு வெறுமையாகவே வரும். அதனைத் தோல்வியென்று கருதாமல், துக்கத்தைத் துக்கமாகவே பேசி, அடுத்த வாரம் மறுபடி தொடங்குவர்.

இவையெல்லாம் நகரத்துப் பெரிய மருத்துவமனைகளிலேயே இயலும் என்று எண்ண வேண்டாம். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, 60 வயது கடந்த 181 பேரிடம் ஒரு சோதனை நடத்தப்பெற்று, அதன் முடிவு 2019-இல் வெளியாயிற்று. இவர்கள் மனச்சோர்வின் தொடக்க அறிகுறிகள் மட்டுமே உடையவர்கள். ஒரு பிரிவினர்க்கு, மருத்துவப் பட்டம் பெறாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள், பிரச்சினைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தீர்க்கும் முறையையும், உறக்கத்தை ஒழுங்குபடுத்தும் வழிகளையும் கற்பித்தனர். நீரிழிவு போன்ற நோய்களைப் பேணும் விதத்தையும் சொல்லி, அரசாங்க உதவித் திட்டங்களைப் பெறுவதற்கும் துணை செய்தனர். ஓராண்டில் இப்பிரிவின் 91 பேருள் நால்வருக்கே நோய் முற்றியது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற 90 பேருள் 13 பேருக்கு முற்றியது. எண்ணிக்கை சிறிதே, ஆயினும் நம் கிராமங்களுக்குப் பொருந்தும் வகையில் செய்யப்பட்ட சோதனை என்பதால் இதன் மதிப்புப் பெரிது. உதவித் திட்டங்களும் இதில் சேர்க்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. மருந்து வாங்கப் பணமில்லாதவரின் கவலை எண்ணத்தின் பிழை அன்று. ஆந்திரப் பிரதேசத்தில் 2024 ஜூலை முதல் மாதம் 4,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட முதியோர் உதவித் தொகை கைக்கு வந்து சேரும்படி செய்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும்.

இதுவரை சொன்னவை உத்தியோகத்தரைப் பற்றியவை. கங்காதர நெல்லூர் மண்டலத்தில் கரும்பும் மாவும் நிலக்கடலையும் பயிரிடுவோருக்கும், அந்நிலங்களில் கூலி வேலை செய்வோருக்கும் ஓய்வு பெறும் தேதி என்று ஒன்றில்லை. முழங்கால் மறுக்கும் நாளே அவர்களுக்கு அந்த நாள். பிரிவுபசாரமும் இல்லை, அதுவரை செய்த வேலைக்கு ஒரு பெயரும் இல்லை. பெண்களின் நிலை இன்னும் வேறு. கணவர் ஓய்வு பெற்ற பின் மனைவிக்கு வேலை குறைவதில்லை. பகல் முழுவதும் காப்பி கேட்கும் ஒருவர் வீட்டில் கூடியிருக்கிறார். அவளுடைய பதவி மாறுவது, சமையலறை மருமகள் கைக்குச் செல்லும் நாளில், அல்லது கணவர் இறக்கும் நாளில். அவள் மருத்துவரிடம் தனியே பேச வாய்ப்பதும் அரிது. மகனோ மருமகளோ உடன் நின்று அவளுக்காக விடை சொல்லிவிடுவர். வீட்டாரை உடன் வைத்துக்கொள்வது நம் நாட்டு மனநல மருத்துவத்தின் ஒரு சிறப்பு. வேலூர்ப் பாகாயத்தில் 1957-இல் தொடங்கப்பெற்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையம், நோயாளியோடு உறவினர் தங்கியிருக்கும் முறையால் பெயர் பெற்றது. எனினும் முதியவரைப் பொறுத்த மட்டில், ஒவ்வோர் அமர்விலும் ஒரு பகுதியேனும் தனிமையில் நடைபெற வேண்டும். வீட்டைப் பற்றிய வருத்தத்தை வீட்டார் எதிரில் சொல்ல இயலாது.

இச்சிகிச்சைக்கு எல்லைகளும் உண்டு. மறதி நோயை இது குணப்படுத்தாது. உண்ணாமலும் பேசாமலும் படுக்கையில் கிடக்கும் அளவுக்கு முற்றிய மனச்சோர்வுக்கு மருந்தே முதலில் தேவை. சிலருக்கு மின்னதிர்ச்சி மருத்துவமும் தேவைப்படும். முதியோரின் உயிர்மாய்ப்பு முயற்சிகள் இளையோருடையவற்றைவிட மரணத்தில் முடிவது அதிகம் என்பதால், 'நான் போய்ச் சேர்ந்தால் நல்லது', 'எல்லோருக்கும் பாரம்' என்ற பேச்சைக் கிழவர் பேச்சென்று தள்ளுவது ஆபத்தாகும். அவ்வாறு பேசுவோரிடம், உயிரை விட்டுவிடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக விளைவதில்லை. இருக்கிறது என்றால், வயலுக்கு வைத்த பூச்சிமருந்தையும் மீதமுள்ள மாத்திரைகளையும் அன்றே அப்புறப்படுத்தி, அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

திருப்பதி ரூயா மருத்துவமனையிலும் பாகாயத்திலும் மனநோய்ப் பிரிவுகள் உள்ளன. 2022 அக்டோபரில் மத்திய அரசாங்கம் தொடங்கிய மனநலத் தொலைபேசிச் சேவையின் எண் 14416. முதியோருக்கென 2021-இல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்ட உதவி எண் 14567. இரண்டுக்கும் கட்டணமில்லை. தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். பெரியவர் தாமே பேச மறுத்தால், வீட்டிலுள்ளோர் முதலில் அழைத்து, அவரிடம் எவ்வாறு பேசுவது என்று கேட்டுக்கொள்வதற்கும் இடமுண்டு.